காயக்கூடாத மரம்

பகல் வேலைக்கு நான் லாயக்கில்லை என்று என்னை வேலைக்கு வைத்த எல்லோருமே சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். காலை வெளிச்சத்தில் எனக்குப் பேச்சு வராது. பல்கலைக்கழகத்தை முதல் வருடத்திலேயே விட்டேன். அங்கேயும் வகுப்புகள் காலையில்தான் வைத்தார்கள். பிறகு ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தைக்குப் பின்னால் ஒரு குளிர்க்கிடங்கில் பல வருடம் இரவு வேலை. கொக்கியில் தொங்கும் மாட்டுத் தொடைகள், ஓடிக்கொண்டே இருக்கும் இயந்திரம், பார்க்க வேண்டிய ஒரு வெப்பமானி. ஆட்கள் இல்லை. எனக்குப் பிடித்திருந்தது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பழங்காலத்தின் மேல் பைத்தியம் பிடித்து அலைந்தவன் என்று என் வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். கிடங்கை மூடினார்கள். தேம்ஸ் தெருவில் ரோமானியர் காலத்துக் கப்பல் துறையைத் தோண்டுகிறார்கள், ராத்திரி பகலாகப் பம்ப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். நார்மன் ஹாஸ்கட், பம்ப்புக்காரன். சம்பளச் சீட்டில் அப்படித்தான் இருக்கும்.

நீங்கள் அந்தக் குழியைத் தண்ணீர் நிறைந்த பிறகுதான் பார்த்தீர்கள். அதற்கு முன் அது வேறு மாதிரி இருந்தது ஐயா. பழைய சரக்குக் கிடங்கை இடித்துவிட்டு அலுவலகக் கட்டடம் எழுப்பப் போகிறார்கள். அடித்தளம் தோண்டுவதற்கு முன் தொல்லியல்காரர்களுக்கு ஈஸ்டர் வரை நேரம் கொடுத்திருந்தார்கள். சுற்றிலும் இரும்புத் தகடுகளை அடித்து இறக்கியிருந்தார்கள். ஏணி வழியாக இறங்கினால் கறுப்புச் சேறு, அதற்குக் கீழே துறை. மனிதன் இடுப்பு உயரம் தடித்த ஓக் உத்தரங்கள், ஒன்றின் மேல் ஒன்று. ஆணி கிடையாது. ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு நிற்கும். ரோமாபுரிக் கப்பல்கள் வந்து ஒயினும் எண்ணெயும் இறக்கியது அங்கேதான். பின்னாளில் கடற்கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து அவர்களே அதன் முன்னால் ஒரு கல் மதிலைக் கட்டி, ஆற்றை வெளியே நிறுத்திவிட்டார்கள். அந்த மதிலின் அடிப்பகுதியும் இருந்தது. எனக்குக் கல்லில் ஆர்வமில்லை. கல் யாரும் பார்த்துக்கொள்ளாவிட்டாலும் கல்லாகவே இருக்கும்.

மரம் அப்படியில்லை. சேற்றை விலக்கிய கணத்தில் நேற்று இழைத்தது போல் வெளிர் மஞ்சளாக இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துவிடும். அத்தனை காலம் நீரில் கிடந்த மரத்துக்குள் பாதி நீர்தான். அதைக் காயவிட்டால் சுருங்கும், முறுக்கும், வெடிக்கும். அதனால் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நுரைப்பஞ்சை நனைத்துப் போர்த்தி, மேலே கறுப்புப் பிளாஸ்டிக்கை விரித்து, யாராவது வேலை செய்ய விலக்கினால் அவர்கள் தோளுக்கு மேல் குழாயை நீட்டித் தெளிக்க வேண்டும். குழிக்குள் ஊறும் நீரை ஒரு பம்ப் வெளியே தள்ளும். இன்னொரு பம்ப் சுத்தமான நீரை மரத்துக்குக் கொண்டுவரும். இரண்டுக்கும் நான்.

என் வாழ்க்கையில் ஒன்று என்னை நம்பிக் கிடந்தது அப்போதுதான். இதையும் உருகிச் சொல்லவில்லை. வேலை அப்படி.

கெத்தின் ப்ராஸர் வேல்ஸ்காரர். மர வளையங்களை எண்ணி, மரம் எந்த வருடம் வெட்டப்பட்டது என்று சொல்பவர். பெரிய உடம்பு, பெரிய குரல். சங்கிலி ரம்பத்தை அவர் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் இறங்கும்போது ஏணி முனகும். உத்தரத்தில் ரொட்டித் துண்டு போல ஒரு வில்லையை அறுத்து, ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போவார். மிச்சத்தைக் குப்பை வண்டியில் ஏற்றுவார்கள்.

"என்னடா நார்மா, உன் பொண்டாட்டிய இன்னும் குளிப்பாட்டி முடிக்கலையா?" என்பார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"விடுங்க கெத்தின். அவளத்தான் இவன் குளிப்பாட்டுறான். இவன் குளிச்சு எவ்ளோ நாளாச்சு, கேளுங்க" என்பாள் ஜூன். தோண்டுகிறவர்களில் அவள்தான் இளையவள், வாய் நீளம்.

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதற்காகக் கோபம் வரவில்லை. கிண்டலுக்குக் கோபப்பட்டுக் கொலை செய்கிறவன் மடையன்.

கெத்தின் நல்லவர் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் மறைத்ததாக ஆகக்கூடாது. குளிரில் என் கை வெடித்தபோது அவருடைய ரப்பர் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவர் பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு வேலை செய்தார். "உன் கை போச்சுன்னா மரத்துக்கு யாருடா இருக்கா?" என்றார். அவர் சொன்னதிலேயே சரியான வார்த்தை அதுதான்.

துறையின் மூலையில் ஒரு பெரிய உத்தரம் இருந்தது. முழு மரத்தையும் நான்கு பக்கம் செதுக்கிப் போட்டது. அதைத்தான் நான் கேட்டேன். மொத்தத் துறையையும் கேட்கவில்லை. பேராசைக்காரன் இல்லை நான். மரியன் டல்லக்கிடம் போய்க் கேட்டேன்; தோண்டும் வேலைக்கு அவர்தான் தலைவி.

"மூலையை மட்டுமாவது அறுக்காம, முழுசா எடுக்க முடியாதா?"

"எடுத்து எங்க வைக்கறது நார்மன்? உன் ரூம்ல குளிக்கற தொட்டி இருக்கா?"

"அருங்காட்சியகத்துல..."

"அங்க கொண்டுபோய்ப் போட்ட பழைய மரத்துக்கே தண்ணி இல்ல. காஞ்சு பிளந்து கெடக்கு. போய்ப் பாரு."

கெத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பன்றி இறைச்சி வைத்த ரொட்டி தின்றுகொண்டிருந்தார். "மரத்துக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒரு வில்லையில இருக்குடா. அத நான் எடுத்துக்கறேன். மிச்சம் வெறகு" என்றார். ஆனால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அப்போது பொருட்படுத்தவில்லை.

ஜனவரியில் ஒரு தடவை குழிக்குள் தண்ணீர் வந்தது. விக்டோரியா காலத்துச் செங்கல் கால்வாய் ஒன்று குழியின் தெற்குப் பக்கத்தில் உடைந்து திறந்திருந்தது. அதன் மறுமுனை ஆற்றில். பௌர்ணமியை ஒட்டிப் பெரிய அலையேற்றம் வந்த நாளில் ஆறு அதன் வழியாக உள்ளே வந்துவிட்டது. கட்டட கம்பெனியின் மேஸ்திரி பிராஃபி, அயர்லாந்துக்காரர், அன்றைக்கே பெரிய பம்ப்புகளைக் கொண்டுவந்து மாலைக்குள் இறைத்துவிட்டார். மறுநாள் கால்வாய் வாயில் ஓர் இரும்புக் கதவைப் பொருத்தி, சக்கரம் வைத்துக் கொடுத்தார். அலை ஏறும் முன் சக்கரத்தைச் சுற்றிக் கதவை மூட வேண்டும், இறங்கியதும் திறந்து ஊற்றுநீரை வடிக்க வேண்டும். அதுவும் என் பொறுப்பு.

கதவைப் பொருத்திய அன்று பிராஃபி எங்கள் கொட்டகையில் நின்று டீ குடித்துக்கொண்டே மரியனைச் சீண்டினார்.

"டாக்டரம்மா, உங்க ரோமாபுரிக்காரன் மறுபடியும் இங்க கப்பல் விடப் போறானா என்ன? இவ்ளோ தடவித் தடவித் தோண்டுறீங்க."

"விட்டா உங்க கான்கிரீட் நனைஞ்சுடும்னு பயமா பிராஃபி?"

"தண்ணிக்கு நான் பயப்பட மாட்டேன் தாயி. தண்ணி வந்தா எறச்சுடலாம். ஆள் செத்தாத்தான் எறைக்க முடியாது." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர் முன்பு பார்த்த ஒரு வேலையில் மண் சரிந்து ஒருவன் செத்தான். அன்றைக்கே வேலை நின்றது. விசாரணை, வழக்கு. கடைசியில் அந்தக் குழியில் மணலைக் கொட்டி மூடிவிட்டு, வரைபடத்தையே மாற்றி, அதைத் தொடாமல் மேலே கட்டிக்கொண்டு போனார்களாம். "இன்னிக்கும் அடியில அப்படியேதான் கெடக்கு. எவனும் தொடல."

நான் அதைக் கேட்டுத் திட்டம் போட்டேன் என்கிறீர்கள். இல்லை. எனக்கு ஞாபகசக்தி அதிகம், வேறொன்றுமில்லை. ஈர மணல். காற்றுப் புகாது. மேலே கட்டடம். மரம் இன்னும் இரண்டாயிரம் வருடம் அப்படியே கிடக்கும். கேட்டதும் மனதில் தங்கிவிட்டது. தங்கியதற்கு நான் என்ன செய்ய முடியும்?

குவளை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அதில்தான் என்னைப் பிடித்தீர்கள்.

குழிக்குள் இறங்குகிறவர்களுக்குக் கம்பெனி பித்தளை வில்லை கொடுத்திருந்தது. இறங்கும்போது பலகையில் மாட்ட வேண்டும், ஏறும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே வாரத்தில் பாதி தொலைந்தது. மீதியால் சேறு சுரண்டினார்கள். அதனால் எங்கள் ஆட்கள் தங்கள் பழைய வழக்கத்துக்கே போய்விட்டார்கள். கொட்டகைச் சுவரில் வரிசையாக ஆணிகள். ஆளுக்கு ஒரு குவளை. இறங்குகிறவன் குவளையை ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். ஏறி வந்தவன் எடுத்து டீ ஊற்றிக்கொள்வான். சுவரில் குவளை தொங்கினால் ஆள் கீழே. சுவர் காலியானால் எல்லோரும் மேலே. அடுத்தவன் குவளையை யாரும் தொட மாட்டார்கள். தொட்டால் மழை வரும், தோண்டிய பக்கம் சரியும் என்று ஒரு நம்பிக்கை. படித்தவர்கள்தான், ஆனால் எந்தத் தோண்டும் இடத்துக்குப் போனாலும் அப்படித்தான். ஒருமுறை புதிதாக வந்தவன் தெரியாமல் ஜூனின் குவளையில் குடித்துவிட்டான். அவள் அந்தக் குவளையையே உடைத்துப் போட்டாள். பித்தளை வில்லையை நம்பாதவர்கள் குவளையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள்.

டீ நேரத்தில் இறைக்கும் பம்ப்பை நிறுத்துவது இன்னொரு வழக்கம். அது கொட்டகைக்குப் பக்கத்திலேயே ஓடும், பேசினால் காது கேட்காது. பிற்பகல் என்ன வேலை என்று மரியன் சொல்வது அப்போதுதான். அந்தக் கொஞ்ச நேரத்தில் குழிக்குள் ஒரு விரற்கடை தண்ணீர் ஏறும், அவ்வளவுதான். கதவு மூடியிருந்தால்.

அன்று பிப்ரவரி மாதத்துப் பெரிய அலை. அலை உச்சத்துக்கு வரும் நேரமும் டீ நேரமும் ஏறக்குறைய ஒன்று. மறுநாள் காலையில் கெத்தின் மூலை உத்தரத்தில் ரம்பம் வைப்பதாக ஏற்பாடு. அதற்கு முன் எங்கே அறுப்பது என்று அவர் பார்க்க வேண்டும். மரத்தின் பட்டை ஒட்டிய கடைசி வளையம் கிடைத்தால்தான் வெட்டிய வருடத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியுமாம். ரோமானியத் தச்சர்கள் வெளிப்பக்கம் பட்டையைச் செதுக்கிவிட்டிருந்தார்கள். அடிப்பக்கத்தில் மிச்சமிருக்கலாம். அடிப்பக்கத்தைப் பார்க்க ஒரே வழிதான் உண்டு. துறைக்கு அடியில் ஓடிய ஒரு மர வாய்க்கால். நாங்கள் 'பொந்து' என்போம். தலையை முன்னால் விட்டு வயிற்றால் ஊர்ந்து போகலாம், திரும்ப முடியாது, பின்னாலேயே ஊர்ந்து வர வேண்டும். அதன் வாய் குழியின் மிகத் தாழ்ந்த மூலையில்.

மற்றவர்கள் கிழக்குப் பக்கத்தில் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கெத்தின் பொந்தின் வாயில் உட்கார்ந்து கைவிளக்கைச் சரிபார்த்தார். நான் குழாயோடு நின்றேன். கொஞ்சம் பேசினோம்.

"டீக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன். லேட்டானா மரியன்கிட்ட சொல்லிடு, உள்ளதான் இருக்கேன்னு."

"சொல்றேன்."

"கதவ மூடிட்டியாடா?"

"மூடிட்டேன்."

அவர் உள்ளே போனார். பூட்ஸின் அடி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. நான் ஏணியில் ஏறினேன். கதவு திறந்திருந்தது. சக்கரத்தைக் கடந்துதான் போனேன், கை வைக்கவில்லை. பம்ப்பை நிறுத்தினேன், தினமும் நிறுத்துவது போல. யோசித்துப் பாருங்கள் ஐயா, இதில் நான் செய்த காரியம் என்று எதைச் சொல்வீர்கள்? ஒன்றைச் செய்யவில்லை. இன்னொன்றை வழக்கப்படி செய்தேன்.

கொட்டகையில் ஒவ்வொருவராகக் குவளையை எடுத்தார்கள். கெத்தினுடையது விளிம்பு உடைந்த பச்சைக் குவளை. அது தொங்கிக்கொண்டிருந்தால் யாராவது ஏணிப்பக்கம் போய்க் குரல் கொடுத்திருப்பார்கள். எல்லோருக்கும் முன்னால் நான் போய், அதை எடுத்து, டீ ஊற்றி, பால் விட்டு, எனக்குப் பக்கத்தில் பலகையில் வைத்தேன். சரி, இதை நான் செய்தேன். அதை மறுக்கவில்லை.

"கெத்தின் எங்க?" என்றார் மரியன். அவர் முகத்தில் ஏதோ நல்ல செய்தியை அடக்கி வைத்திருப்பவர் போல ஒரு களை.

"போன் பண்ணப் போயிருக்கார்" என்றேன். தெருமுனையில் தொலைபேசிக் கூண்டு இருக்கிறது. எல்லோரும் பச்சைக் குவளையைப் பார்த்தார்கள், ஆவி பறந்தது. நம்பினார்கள்.

"வரட்டும். அவன் வந்தப்புறம் சொல்றேன்" என்றார் மரியன். பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்கள். ஜூன் யாரையோ பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தாள். அந்தக் கொட்டகையில் அப்படியொரு இதமான நேரத்தை நான் முன்பு அனுபவித்ததில்லை. யாரும் என்னைக் கிண்டல் செய்யவில்லை. கால்வாய்க்குள் தண்ணீர் நுழையும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. தொண்டையைச் சரிசெய்துகொள்ளும் சத்தம் போலிருக்கும்.

பிராஃபி கொட்டகைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "யோவ் நார்மன், ஒக்காந்து பிஸ்கட் தின்னுட்டிருக்க? உங்க குழி குளமாயிட்டிருக்கு."

ஓடினோம். ஏணியின் பாதி முங்கிவிட்டது. மூலை உத்தரத்தின் தலை மட்டும் தெரிந்தது. பிளாஸ்டிக் விரிப்புகள் நீரில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. யாரும் அலறவில்லை. அலறுவதற்கு என்ன இருக்கிறது? சுவர் காலி; எல்லோரும் மேலே. மரியன் தலையில் கைவைத்தார், ஈஸ்டர் வரை உள்ள வேலையை நினைத்து. பிராஃபி என்னைத் திட்டிக்கொண்டே போய்ச் சக்கரத்தைச் சுற்றிக் கதவை மூடினார். நான் பம்ப்பைக் கிளப்பப் போனேன். காற்றை வெளியேற்றி, நீர் நிரப்பி, பிறகுதான் கிளப்ப வேண்டும். அவசரப்பட்டால் பம்ப் கெட்டுவிடும். நான் அவசரப்படவில்லை.

முதலில் சந்தேகப்பட்டது ஜூன். கோட்டு எடுக்கக் கொட்டகைக்குப் போனவள் பச்சைக் குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் அதைத் தொட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஆடை கட்டிப் போச்சு" என்றாள். "ஒரு வாய்கூடக் குடிக்கல. இதுல பால் யாரு ஊத்துனா? அவர் பால் ஊத்த மாட்டாரே."

அது எனக்குத் தெரியாது. ஒரே கொட்டகையில் அத்தனை மாதம் உட்கார்ந்திருக்கிறேன், கவனித்ததில்லை.

தெருமுனைக்கு ஒருவர் ஓடிப்போய்த் திரும்பினார். கூண்டு காலி. அதற்குப் பிறகுதான் மரியன் கத்தினார், தீயணைப்புப் படைக்கு யாரையோ விரட்டினார், பிராஃபி பெரிய பம்ப்பை இழுத்துவந்தார். கெத்தின் பொந்துக்குள் போனாரா என்று என்னைக் கேட்டார்கள். தெரியாது என்றேன். மரியனே யூகித்தார்.

நீங்கள் இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பக் கேட்பது அதற்கு அடுத்து நடந்தது. சொல்லிவிடுகிறேன், ஒளித்து என்ன ஆகப் போகிறது?

பொந்தின் மேல்பக்கம், உத்தரத்துக்கு அடியில் ஓர் இடைவெளி உண்டு. தச்சர்கள் விட்டது. நீர் ஏறும்போது காற்று அங்கே போய் அடைபடும். தீயணைப்புக்காரர்கள் வந்து குழாய்களை இறக்கும்போது பிராஃபி கையை உயர்த்தினார். எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார்.

"தட்டுற மாதிரி இல்ல?"

இருந்தது. மூன்று தட்டல், நிறுத்தம், பிறகு மூன்று. தீயணைப்பு அதிகாரி என்னைத்தான் பார்த்தார். குழியின் தண்ணீர் என் பொறுப்பு என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். "என்ன சத்தம் அது?" என்றார்.

"இரும்புத் தகடு" என்றேன். "அலை திரும்பும்போது தட்டும். தினமும் கேக்கறதுதான்."

இரும்பில் தட்டினால் ஒரு சத்தம், ஓக்கில் தட்டினால் வேறு சத்தம். அத்தனை மாதம் அந்த மரத்தோடு இருந்தவன் நான். தவறாகக் கேட்டுவிட்டேன் என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள்.

பிராஃபிக்கு மனம் ஒப்பவில்லை. கெத்தினுடைய ரம்பம் கொட்டகை வாசலிலேயே இருந்தது. துறையின் மேல்தளம் அதற்குள் நீருக்கு வெளியே வந்துவிட்டது. "மேலருந்து அந்தக் கட்டைய அறுத்துட்டா நேரா பொந்துதான். நானே அறுக்கறேன்" என்றார். ரம்பத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

நான் குறுக்கே நின்றேன். சத்தம் போடவில்லை. அந்த உத்தரத்தை அறுத்தால் பின்னால் இருக்கும் மொத்த மண்ணும் சரிந்து இறங்கும், உள்ளே ஆள் இருந்தால் நசுங்குவார், இறைப்பதுதான் பத்திரம் என்று அதிகாரிக்கு விளக்கினேன். நிதானமாகப் பேசினால் மனிதர்கள் நம்புவார்கள். அழுதுகொண்டிருந்த மரியனைவிட என்னை அவர் நம்பினார். மண் சரிந்திருக்காது. அந்த உத்தரம் பின்பக்கம் இரண்டு கட்டைகளில் பூட்டப்பட்டிருந்தது. எனக்குத் தெரியும்.

அதனால் இறைத்தார்கள். தட்டல் இடைவெளி விட்டு விட்டு வந்தது, பிறகு வரவில்லை. வெளியே எடுத்தபோது அவர் மல்லாந்திருந்தார், முகம் மேல்பக்கம் ஒட்டியிருந்தது. நகங்களுக்குள் மரப்பட்டைத் தூள் இருந்ததாக உங்கள் மருத்துவர் எழுதியிருக்கிறார். தேடிப் போனது அங்கே இருந்திருக்கிறது. உத்தரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அவரை மூடி எடுத்துப் போன பிறகு எல்லோரும் அவர் பின்னால் போய்விட்டார்கள். மரம் காற்றில் திறந்து கிடந்தது. நான் இறங்கி நனைத்தேன். அதை ஜூன் பார்த்தாள். அவள் என்னைப் பற்றி உங்களிடம் என்ன சொல்லியிருந்தாலும் நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிராஃபி சொன்னது போலவே நடந்தது. வேலை நின்றது. குழியில் மணல் கொட்டப் போவதாக நேற்று நீங்களே சொன்னீர்கள். கேட்டதும் நான் நன்றாகத் தூங்கினேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ராத்திரியில் தூங்கினேன்.

ஒரு மனிதன், ஒரு துறை. அப்படித் தட்டில் வைத்து எடை போடக் கூடாது என்பீர்கள். ரம்பம் வைக்கிறவர்கள் தினமும் எடை போடுகிறார்கள். நான் ஒருமுறை போட்டேன். என் கணக்கு உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் புரியாமல் இருக்காது என்று நினைத்தேன்.

ஆனால் இன்று காலை நீங்கள் மரியனின் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். கெத்தின் செத்ததற்கு முந்தின மாலையே கம்பெனிக்காரர்கள் ஒத்துக்கொண்டார்களாம். மூலையை அறுக்காமல் முழுதாகத் தூக்கலாம், தெற்குக் கடற்கரையில் ஒரு பெரிய தொட்டியில் இடம் கிடைத்திருக்கிறது என்று. அந்த இடத்துக்காகப் பல வாரம் கடிதமும் போனுமாக அலைந்தது கெத்தினாம். டீ நேரத்தில் மரியன் எல்லோருக்கும் சொல்வதாக இருந்ததாம். "நார்மனுக்கு மட்டும் நானே மொதல்ல சொல்றேன்" என்று கெத்தின் கேட்டுக்கொண்டாராம்.

அவர் சொன்னாரா என்று கேட்கிறீர்கள். பொந்தின் வாயில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். இல்லை என்று நான் சொன்னால் அதைப் பொய் என்று நிரூபிக்க ஆள் கிடையாது. அப்படிச் சொன்னால் எனக்கு நல்லதும்கூட. மரத்துக்காகச் செய்தான், பாவம், விஷயம் தெரியாமல் செய்துவிட்டான் என்பார்கள்.

சொன்னார். விளக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், கூச்சப்படுகிறவர் மாதிரி சொன்னார்.

"டேய், உன் மூலை தப்பிச்சுடுச்சுடா. நாளைக்கு ரம்பம் கெடையாது. முழுசாத் தூக்கிட்டுப் போறாங்க. அதுக்கு முன்னாடி அடியில பட்டை இருக்கான்னு மட்டும் நான் பாத்துக்கறேன். தொட்டியில போடுவாங்க, அப்புறம் கண்ணாடிக்குப் பின்னாடி வெப்பாங்க. பள்ளிக்கூடத்துப் பசங்கள்லாம் வந்து பாப்பாங்க."

"அங்க யாரு நனைப்பாங்க?" என்று கேட்டேன்.

"அதுக்குன்னு மெஷின் இருக்குடா. ராத்திரி பகலா அதுவே தெளிக்கும். ஆளே வேணாம். நீ இனிமே நிம்மதியா வீட்டுக்குப் போய்த் தூங்கு." என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகுதான் கதவைப் பற்றிக் கேட்டார்.

அந்த மரத்தைக் காப்பாற்ற என்னை விட்டால் வேறு யாருமே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் ஐயா தெளிவாகத் தெரிந்தது.